கையில் இல்லாதபோது கொடுக்கச் சொல்வது நியாயமா?

கேள்வி, ஜனவரி 6

வேலை போய்ப் பல மாதம் ஆகிறது. சேமிப்பு தீர்ந்துவிட்டது, கடன் தொடங்கிவிட்டது. ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள்: உள்ளே நிறைவைத் தேடு, இருப்பதைப் பகிர்ந்துகொள், கொடுக்கக் கொடுக்கப் பெருகும். எனக்கு இது இல்லாதவன் வாயை அடைக்கும் பேச்சாகத்தான் படுகிறது. வசதியாக இருப்பவர்கள் சொல்லும்போது இன்னும் எரிகிறது. நெருக்கடிக்குள் இருந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள். பொன்மொழி வேண்டாம்.

ஜனவரி 6, இரவு

உங்கள் கோபத்தில் பாதிக்கு மேல் நியாயம். மீதியைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

நான் வேலை பார்த்த நிறுவனம் மூடப்பட்டதும் அப்பா படுக்கையில் விழுந்ததும் ஒரே ஆண்டில் நடந்தன. அந்தக் காலத்தில் பணம் குறைந்ததைவிட என்னைப் பயமுறுத்தியது வேறொன்று. மனதுக்குள் எந்நேரமும் கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. எந்தத் தவணையைத் தள்ளலாம், யாரிடம் இன்னும் கேட்கவில்லை, எதை விற்கலாம். பேசிக்கொண்டிருக்கும்போதும் ஓடும், குளிக்கும்போதும் ஓடும். கொஞ்ச நாளில் பணத்தில் மட்டும் இல்லாமல் எல்லாவற்றிலும் என் கை இறுகிவிட்டது. பழைய நண்பன் கூப்பிட்டுப் பதவி உயர்வு கிடைத்ததைச் சொன்னான். எனக்கு வாழ்த்துச் சொல்ல வாய் வரவில்லை. வாழ்த்துக்கு ஒரு காசும் செலவில்லை. ஆனாலும் என்னிடம் இல்லை.

வாழ்த்தக்கூட முடியாத அந்த வறட்சிக்கும் வங்கிக் கணக்கின் வறட்சிக்கும் தொடர்பு உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஒன்று தீரும்வரை மற்றது காத்திருக்க வேண்டியதில்லை என்பது மட்டும்தான் நான் சொல்ல வருவது. கொடுத்தால் பெருகும் என்று சொல்ல மாட்டேன்.

ஜனவரி 7

நேற்று எழுதிய ‘கை இறுகிவிட்டது’ என்பதைத் தொடர்கிறேன். சிலர் இதைக் குணக் கேடாகப் படித்திருக்கிறார்கள்.

பொருளாதார அறிஞர் செந்தில் முல்லைநாதனும் உளவியலாளர் எல்தார் ஷஃபீரும் இன்னும் இருவரும் சேர்ந்து 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதன் ஒரு பகுதி விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடந்தது. கரும்புக்காரருக்கு அறுவடை முடிந்ததும் பணம் வரும், அடுத்த அறுவடைக்கு முந்தைய மாதங்களில் கை காய்ந்துவிடும். ஆகவே அதே ஆளை இரண்டு நிலையிலும் சோதிக்க முடிந்தது. அறுவடைக்கு முன்பு வைத்த சிந்தனைச் சோதனைகளில், அறுவடைக்குப் பின்பு பெற்றதைவிடக் குறைவாகவே பெற்றார்கள். ஆள் மாறவில்லை, படிப்பும் மாறவில்லை, நெருக்கடி மட்டும் மாறியது.

அளவிட்ட முறை பற்றி மற்ற ஆய்வாளர்கள் எழுப்பிய கேள்விகள் உண்டு, எண்களைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அவர்கள் விவரிக்கும் நிலைமை எனக்கு அப்படியே பொருந்தியது. பற்றாக்குறை கவனத்தைச் சுரங்கப்பாதைக்குள் தள்ளிவிடுகிறது. எதிரே இருக்கும் ஒரு சிக்கல் மட்டும் மிகத் தெளிவாகத் தெரியும், பக்கத்தில் நிற்கும் ஆள் தெரியமாட்டார்.

இதைத் தெரிந்துகொண்டதில் ஓர் ஆறுதல் இருந்தது. நண்பனை வாழ்த்த முடியாதவன் கெட்டவன் அல்ல, அவனுக்குப் பக்கவாட்டுப் பார்வை போயிருக்கிறது. பார்வைக்குச் சிகிச்சை தேடலாம். குணத்துக்கு எங்கே தேடுவது?

ஜனவரி 7, பிற்பகல்

‘ஏழைகளுக்குத்தான் பெரிய மனசு, பணக்காரன் கொடுக்கமாட்டான்’ என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். கேட்க நன்றாக இருக்கிறது. 2010இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வும் அதைத்தான் சொன்னது, உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 2015இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் பல நாடுகளின் பெரிய கணக்கெடுப்புகளை வைத்துப் பார்த்தபோது பெரும்பாலும் நேர்மாறாக வந்தது. நெதர்லாந்தில் வேறொரு குழு, உள்ளே பணம் இருப்பது வெளியே தெரியும்படியான உறைகளை முகவரி மாறி வந்ததுபோல வீடுகளில் போட்டுப் பார்த்தது. வசதியான வீடுகள்தான் அதிகமாகத் திருப்பி அனுப்பின. ஆனால் பணத் தேவையின் அழுத்தத்தைக் கணக்கில் சேர்த்த பிறகு, நல்ல மனதில் இரு தரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று முடித்தார்கள்.

இந்தக் கடைசி வரி எனக்கு முக்கியம். வறுமை மனிதரைப் புனிதராக்குவதில்லை, கெடுப்பதுமில்லை. கொடுப்பதன் விலையை ஏற்றுகிறது, அவ்வளவுதான். வசதி இல்லாதவரிடம் கூடுதல் நல்ல குணத்தை எதிர்பார்ப்பது அவர் தோளில் இன்னொரு சுமையை வைப்பது. ‘அவர்கள் எவ்வளவு சந்தோஷமாகப் பகிர்ந்துகொள்கிறார்கள் பாருங்கள்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோவது வசதியான பழக்கம். அந்தப் பழக்கத்துக்கு இந்த இழையில் உணவு போட வேண்டாம்.

ஜனவரி 9

சரி, எனக்குப் பார்வை திரும்பியது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். எழுதத் தாமதமானதற்குக் காரணம், இதைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்பதுதான்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே இருக்கும் நடையில் காத்திருந்தவர்களுக்கு அந்த உலகம் தெரியும். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர். வெளியே இருப்பவருக்குச் செய்ய ஒன்றும் இல்லை, ஆனால் எங்கும் போகவும் முடியாது. பெயர் சொல்லிக் கூப்பிடும்போது அங்கே இல்லாவிட்டால் மருத்துவர் போய்விடுவார். எல்லோரும் கதவையே பார்த்துக்கொண்டிருப்போம்.

அங்கே ஒரு பெண்மணி இருந்தார். கணவர் உள்ளே. எங்கள் எல்லோரையும்விட அதிக நாள் அவர் அங்கே இருந்தார், எங்கள் எல்லோரையும்விட மோசமான செய்திகளையும் அவர்தான் கேட்டுக்கொண்டிருந்தார். புதிதாக யார் பதறிக்கொண்டு வந்தாலும் எழுந்து போவார். ரத்த மாதிரியை எந்த ஜன்னலில் கொடுப்பது, எந்தக் காகிதத்தைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்வது, கட்டணம் கட்ட முடியாதென்றால் யாரைப் பார்ப்பது, எந்த நேரத்தில் மருத்துவரிடம் கேள்வி கேட்டால் பதில் கிடைக்கும், எல்லாம் சொல்வார். ஒருவர் கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் ‘போயிட்டு வாங்க, கூப்பிட்டா நான் பதில் சொல்றேன்’ என்பார். அந்த ஒரு வாக்கியத்தின் மதிப்பு அங்கே உட்கார்ந்தவர்களுக்குத்தான் புரியும்.

ஒருநாள் இரவு கேட்டேன், உங்களுக்கே இவ்வளவு இருக்கும்போது எப்படி முடிகிறது என்று. அவர் யோசிக்கவே இல்லை. ‘சும்மா உட்கார்ந்திருந்தா நான் வெறும் காத்திருக்கிறவ தம்பி. யாருக்காவது ஒரு வழி சொன்னா கொஞ்ச நேரம் நான் நானா இருக்கேன்’ என்றார்.

இதைவிடத் துல்லியமாக நிறைவு என்பதை யாரும் எனக்கு விளக்கியதில்லை. அவரிடம் பணம் இல்லை, தூக்கம் இல்லை, நல்ல செய்தி இல்லை. ஆனால் அந்த நடையில் பட்டுத் தெரிந்துகொண்டது அவரிடம் நிறைய இருந்தது. துன்பம் அவருக்குக் கொடுத்த ஒரே சொத்து அது. அதைத்தான் செலவழித்தார்.

பிறகு நானும் சின்னதாக ஒன்றை ஆரம்பித்தேன். படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நிரப்பிக் கொடுத்தேன். முதலில் ஒரு பெரியவர், அப்புறம் அவர் கைகாட்டிய இன்னொருவர். எழுதிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் உள்ளே ஓடிக்கொண்டிருந்த கணக்கு நின்றது. தள்ளிப் போடப்படவில்லை, அடக்கப்படவில்லை, நின்றது. பேனாவை மூடியதும் திரும்ப வந்தது, அது வேறு விஷயம். ஆனால் நிற்கக்கூடிய ஒன்று என்று தெரிந்துவிட்டது.

ஜனவரி 9, சற்று நேரம் கழித்து

ஒன்று சேர்க்க வேண்டும். என் அப்பாவின் நிலைமை அதனால் மேம்படவில்லை, கடன் குறையவில்லை, வேலையும் அதனால் கிடைக்கவில்லை. மேலே உள்ளதைப் படித்துவிட்டு அப்படி ஒரு முடிவை யாரும் கற்பனை செய்துகொள்ளக் கூடாது.

ஜனவரி 12

‘இது உங்கள் அனுபவம், எல்லோருக்கும் அப்படியா?’ நல்ல கேள்வி.

எலிசபெத் டன், லாரா அக்னின், மைக்கேல் நார்ட்டன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2008இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. காலையில் ஆளுக்கு ஓர் உறை. சிலருக்கு 5 டாலர், சிலருக்கு 20. பாதிப் பேர் மாலைக்குள் தங்களுக்காகச் செலவழிக்க வேண்டும், பாதிப் பேர் பிறருக்காக. மாலையில் விசாரித்தபோது பிறருக்குச் செலவழித்தவர்களே அதிக மகிழ்ச்சியாக இருந்தார்கள். 5 டாலரா 20 டாலரா என்பது வித்தியாசத்தை உண்டாக்கவில்லை.

நீங்கள் உடனே சொல்வீர்கள், அது ஆய்வாளர் கொடுத்த பணம், பசித்தவன் பணமல்ல என்று. சரிதான், கலந்துகொண்டவர்களும் வெறும் 46 பேர். அதனால் அவர்கள் பிறகு 136 நாடுகளின் கருத்துக் கணிப்புத் தரவுகளைப் பார்த்தார்கள். 2013இல் வெளிவந்தது. 120 நாடுகளில் தானம் கொடுப்பதும் மனநிறைவும் சேர்ந்தே தென்பட்டன, ஏழை நாடுகள் உட்பட. சேர்ந்து தென்படுவதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது, அதையும் நினைவில் வைக்க வேண்டும்.

எனக்கு மிகப் பிடித்தது 2012இல் வந்த குழந்தைகள் சோதனை. இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தைகள். ஒரு கைப்பொம்மை, ஒரு கிண்ணம் தின்பண்டம். குழந்தைகளின் முகத்தைப் படம் எடுத்து, மகிழ்ச்சியை மதிப்பிட்டார்கள். தின்பண்டம் வாங்கும்போது இருந்த முகத்தைவிடப் பொம்மைக்குக் கொடுக்கும்போது முகம் மலர்ந்தது. ஆய்வாளர் நீட்டிய தின்பண்டத்தைக் கொடுத்ததைவிடத் தன் கிண்ணத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தபோது இன்னும் மலர்ந்தது. அந்த வயதில் யாரும் அறநூல் படித்திருக்க முடியாது. என் தங்கை மகள் தான் சப்பிக்கொண்டிருந்ததை எடுத்து என் வாயில் திணிக்கும்போது இருந்த ஆனந்தத்துக்கு இப்போது ஆதாரம் கிடைத்துவிட்டது என்று அவளிடம் சொன்னேன், அவள் இன்னொரு துண்டைத் திணித்தாள்.

இந்த வரிசை ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருவது இது: நாமே விரும்பிக் கொடுத்தால், வாங்குபவரோடு உறவு உண்டானால், அதன் பயனைக் கண்ணால் பார்க்க முடிந்தால் மனம் நிறைகிறது. வற்புறுத்திப் பிடுங்கினால் நிறைவதில்லை. நடையில் இருந்த பெண்மணியிடம் மூன்றும் இருந்தன. நம்மை எரிச்சலூட்டும் ஆறுதல் பேச்சில் மூன்றுமே இல்லை, அதனால்தான் எரிகிறது.

ஜனவரி 13

‘அப்படியானால் கடன் வாங்கியாவது கொடுக்கலாமா’ என்று கேட்டவருக்கு: வேண்டாம்.

இதை நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் தாராள மனம் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடும். வள்ளுவர் குதிக்கவில்லை. 218ஆம் குறளில், கையில் வளம் இல்லாத பருவத்திலும் கடமை அறிந்தவர்கள் பிறருக்கு உதவத் தளரமாட்டார்கள் என்கிறார். அதே ஆள் 480ஆம் குறளில், தன்னிடம் உள்ள அளவை எண்ணிப் பார்க்காமல் செய்யும் உபகாரத்தால் செல்வம் விரைவில் கெட்டுப்போகும் என்கிறார். முதலாவது ஒப்புரவு பற்றிய அதிகாரம், இரண்டாவது தன் வலிமையை அறிவது பற்றிய அதிகாரம். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மேடையில் பேசலாம், வாழ இரண்டும் வேண்டும்.

மானிடவியலாளர் கேரல் ஸ்டாக் 1960களின் இறுதியில் அமெரிக்காவின் ஓர் ஏழைக் கறுப்பின மக்கள் குடியிருப்பில் தங்கி, அங்கே பொருளும் பணமும் குழந்தை வளர்ப்பும் எப்படிக் கைமாறுகின்றன என்று பதிவு செய்தார். இன்று நான் உனக்கு, நாளை நீ எனக்கு. அந்த வலைதான் எல்லோரையும் விழாமல் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு தம்பதிக்கு எதிர்பாராமல் 1,500 டாலர் வந்தது. வீடு வாங்க முன்பணமாக வைக்கலாம் என்று நினைத்தார்கள். சில வாரத்தில் உறவினர்களின் ஈமச் செலவு, வாடகை, பயணம் என்று எல்லாம் கரைந்துவிட்டது. அவர்கள் ஏமாளிகள் இல்லை. மறுத்திருந்தால் வலையிலிருந்து வெளியே விழுந்திருப்பார்கள். காப்பாற்றும் வலையே ஏறவிடாமலும் பிடிக்கிறது. இதற்கு எனக்குத் தீர்வு தெரியாது. ஆனால் இதைச் சொல்லாமல் ‘பகிர்ந்து வாழுங்கள்’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

என் வழக்கத்தைச் சொல்கிறேன், சட்டமல்ல. கடன் இருக்கும்வரை ரொக்கம் கொடுக்கும்போது அது திரும்ப வராவிட்டாலும் என் தவணை பாதிக்காத அளவுதான் கொடுப்பேன். பிணைக் கையெழுத்து போடமாட்டேன். ஏனென்றால் கடனாளியின் கையில் இருக்கும் பணம் முழுக்க அவருடையதல்ல. அதில் இன்னொருவருடைய பங்கு இருக்கிறது.

ஜனவரி 13, இரவு

‘கணக்குப் பார்த்துக் கொடுத்தால் அது கொடையா?’

ஆம். அந்தக் கணக்கும் அக்கறைதான்.

ஜனவரி 16

நேரம்கூட இல்லை என்று எழுதிய அம்மாவுக்கு. இரண்டு வேலை, சின்னக் குழந்தை, படுத்திருக்கும் மாமியார். உங்களிடம் யாராவது ‘இன்னும் கொஞ்சம் கொடுங்கள்’ என்று சொன்னால் அவர்கள் உங்கள் வீட்டுக்குள் ஒருநாள் இருந்து பார்த்ததில்லை. பிறருக்காக நேரம் செலவழித்தவர்கள் தங்களுக்கு நேரம் அதிகம் இருப்பதாக உணர்ந்தார்கள் என்று 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு உண்டு. சும்மா நேரம் கிடைத்தவர்களைவிடவும் அப்படி உணர்ந்தார்களாம். மாலையில் சற்று நேரம் ஒதுக்க முடிகிறவர்களுக்கு அது பொருந்தலாம். உங்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன். நீங்கள் ஏற்கெனவே நாள் முழுக்கக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இதோடு சேர்த்து ஒன்று. கஷ்ட காலத்தின் தாராளத்தைப் பெரும்பாலான குடும்பங்களில் பெண்களின் பங்கிலிருந்துதான் எடுக்கிறார்கள். தன் மருந்தை நிறுத்துவது, தன் படிப்பை நிறுத்துவது, தன் தட்டைக் குறைப்பது. பிறகு அதற்குத் தியாகம் என்று பெயர் வைத்து நன்றி சொல்லிவிடுவார்கள். விக்கி ஹெல்கெசன் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்த விஷயம் இது: தன்னை முழுவதுமாக ஒதுக்கிவிட்டுப் பிறரைக் கவனிப்பவர்களிடம் மன உளைச்சலும் உடல்நலப் புறக்கணிப்பும் அதிகம். பிறர்மேல் அக்கறை இருப்பது தனி, தன்மேல் அக்கறையே இல்லாமல் போவது தனி. முதலாவது கெடுதல் செய்வதில்லை, இரண்டாவது செய்கிறது.

என் அம்மாவைப் பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன். அப்பாவின் நோய்க் காலம் முழுவதும் தன் மூட்டு வலியை அவர் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அந்த ஆண்டே பார்த்திருக்கலாம். அது நிறைவிலிருந்து வந்த கொடை அல்ல. தனக்கும் பங்கு உண்டு என்று யாரும் அவரிடம் சொல்லாததால் வந்தது.

ஆகவே 9ஆம் தேதி எழுதியதோடு இதையும் வைத்துப் படியுங்கள். அந்த நடைப் பெண்மணி கொடுத்தபோது தன்னைத் திரும்பப் பெற்றார். என் அம்மா கொடுத்தபோது தன்னை இழந்தார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். வித்தியாசம் கண்டுபிடிக்க நான் கேட்கும் கேள்வி: இதற்கு ‘முடியாது’ என்று சொல்லும் உரிமை அவருக்கு இருந்ததா?

ஜனவரி 20

இதுவரை கொடுப்பதைப் பற்றியே பேசிவிட்டோம். வாங்குவதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் மிகக் கடினமாக இருந்தது.

வாழ்த்துச் சொல்ல வாய் வராமல் இருந்தேனே, அதே நண்பன் அப்பாவின் சிகிச்சைக் கட்டணத்தில் ஒரு பகுதியை என்னைக் கேட்காமலே கட்டிவிட்டான். தெரிந்ததும் எனக்கு வந்தது கோபம். நான் அவனைவிடச் சிறியவனாகிவிட்டதுபோல ஒரு கூச்சம். அவனிடம் காட்டவில்லை, ஆனால் பல வாரம் அவன் அழைப்பை எடுக்கத் தயங்கினேன். பிறகுதான் விளங்கியது, உதவியை வாங்கக் கூசுகிற மனம் கொடுக்கும்போது மேலே நின்றுகொண்டு கொடுக்கும். இரண்டுக்கும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றே: உதவி தேவைப்படுவது இழிவு.

சங்கப் புலவர் பெருஞ்சித்திரனார் அப்படி நினைக்கவில்லை. புறநானூற்றில் அவர் தன் வறுமையை மறைக்காமல் பாடுகிறார். முதுமையில் தளர்ந்த தாய், பாலில்லாத மார்பைச் சுவைக்கும் குழந்தை, வாடும் மனைவி. வள்ளல் குமணனிடம் போய்க் கேட்கிறார், வாங்குகிறார். வீடு திரும்பி மனைவியிடம் சொல்வதுதான் 163ஆம் பாட்டு. உன்னை நேசிப்பவர்களுக்குக் கொடு, நீ நேசிப்பவர்களுக்குக் கொடு, உறவில் மூத்த பெண்களுக்குக் கொடு, நம் வீட்டுப் பசி தீரக் கடன் கொடுத்தவர்களுக்குக் கொடு. இன்னாருக்கு என்று பார்க்காதே, என்னையும் கேட்காதே, சேர்த்து வைத்து நன்றாக வாழலாம் என்றும் எண்ணாதே, எல்லோருக்கும் கொடு.

நேற்றுவரை பசித்த வீடு அது. இன்று வந்தது ஒரு பரிசு, நிரந்தர வருமானம் அல்ல. 13ஆம் தேதி நான் எழுதிய எச்சரிக்கைக்கு இது நேர் எதிராக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன், அதை மழுப்பப் போவதில்லை. ஆனால் அவருடைய பட்டியலில் கடன் கொடுத்தவர்கள் இருப்பதை நான் கவனிக்காமல் பலமுறை தாண்டியிருக்கிறேன். பசியில் கைமாற்றுக் கொடுத்தவர்களும் அன்புக்குரியவர்களும் அங்கே ஒரே வரிசையில் நிற்கிறார்கள். அவருக்குத் திருப்பிக் கொடுப்பதும் கொடுப்பதும் தனித்தனி இல்லை. கடனை அடைப்பதைத் தண்டனையாக மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய விடுதலை. நம்மை நம்பி ஒருவர் கொடுத்தார், அதை மறக்காமல் திருப்புகிறோம். அதுவும் தாராளம்தான்.

ஜனவரி 21

நேற்று எழுதியதற்குத் தொடர்ச்சியாக ஒரு வரலாறு.

1847இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் உச்சத்தில் இருந்தது. அமெரிக்கப் பழங்குடிகளான சாக்டா மக்கள் இன்றைய ஒக்லஹோமாவின் ஸ்கல்லிவில் என்ற இடத்தில் கூடி, 170 டாலர் திரட்டி அயர்லாந்துக்கு அனுப்பினார்கள். அவர்கள் நிலத்திலிருந்து துரத்தப்பட்டது 1831இல் தொடங்கியது. வழியில் குளிரிலும் நோயிலும் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அந்த நினைவு ஆறியிருக்க வாய்ப்பே இல்லை. தாங்கள் பார்த்திராத நாடு, பார்க்கப் போகாத மக்கள். பசியும் துரத்தப்படுவதும் என்னவென்று தெரியும், அது ஒன்றே உறவு.

2017இல் அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் மிடில்டன் என்ற ஊரில் அதற்கு நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. கழுகின் இறகுகளைப் போன்ற எஃகு இறகுகள் ஒன்பது, வட்டமாகக் கிண்ணம்போல நிற்கின்றன. 2020இல் கொரோனா காலத்தில் நவஹோ, ஹோப்பி பழங்குடியினருக்கு நிவாரண நிதி திரட்டியபோது அயர்லாந்துக்காரர்கள் அந்த 1847ஐக் குறிப்பிட்டுப் பணம் அனுப்பினார்கள்.

‘பார்த்தீர்களா, கொடுத்தது திரும்பி வந்தது’ என்று யாரும் எழுதிவிடாதீர்கள். கொடுத்தவர்கள் சாக்டா, பெற்றவர்கள் நவஹோவும் ஹோப்பியும். வேறு மக்கள், நடுவே 170க்கும் மேற்பட்ட ஆண்டுகள். 170 டாலர் திரட்டியவர்களுக்கு அதில் ஒரு காசும் வந்து சேரவில்லை. அவர்கள் அதை எதிர்பார்த்துக் கொடுக்கவும் இல்லை. இந்த நிகழ்ச்சியில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

ஜனவரி 21, மாலை

இல்லை, அந்தத் தொகை இன்றைய மதிப்பில் எவ்வளவு என்பது இங்கே முக்கியமில்லை. அதைக் கணக்கிட ஆரம்பித்தால் 5 டாலரா 20 டாலரா என்ற இடத்துக்கே திரும்பப் போவோம்.

ஜனவரி 27

கேள்வி கேட்டவரே மறுபடி எழுதியிருக்கிறார். ‘எல்லாம் சரி, நாளைக் காலை நான் என்ன செய்வது? எதுவும் செய்யத் தோன்றாத மனநிலையில் இருக்கிறேன்.’

முதலில் கேளுங்கள். கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். நம்பும் ஒரு ஆளிடம் கடன் பட்டியலை முழுவதுமாகக் காட்டுங்கள், ஒன்றையும் மறைக்காமல். என் பட்டியலை அக்காவிடம் காட்டியபோது அவர் பணம் கொடுக்கவில்லை, அவரிடமும் இல்லை. எந்தக் கடன்காரரிடம் அவகாசம் கேட்கலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தார். கணக்கு இரண்டு தலைகளுக்குள் ஓட ஆரம்பித்ததும் என் தலைக்குள் கொஞ்சம் இடம் காலியானது. அந்த இடம் இல்லாமல் மற்றவை நடக்காது. எதுவும் செய்யத் தோன்றாத நிலை வாரக்கணக்கில் நீடித்து, உயிரோடு இருப்பதே பாரமாகத் தோன்றினால் மருத்துவரைப் பாருங்கள். அது மனநிறைவுப் பேச்சால் தீராது, தீர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் தவறு.

அப்புறம், உங்கள் கஷ்டம் உங்களுக்குக் கற்றுக்கொடுத்த ஒன்றை யோசியுங்கள். நேர்முகத் தேர்வுகளுக்குப் போயிருப்பீர்கள். எந்தக் கேள்வி வருகிறது, எந்த விளம்பரம் போலி, எந்த இடத்தில் சம்பளத்தை இழுத்தடிக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். நேற்று வேலை இழந்த ஒருவருக்கு அது தெரியாது. ஒரே ஒருவருக்குச் சொல்லுங்கள். முகம் தெரிந்தவராக இருந்தால் நல்லது, பயன்பட்டதா என்று பார்க்க முடியும். சொன்னபின் உள்ளே ஒன்றும் மாறாமல் போகலாம். எனக்கும் சில நாள் ஒன்றும் மாறவில்லை, எரிச்சல்கூட வந்திருக்கிறது. அதற்காக உங்களிடம் ஏதோ குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவது, அடுத்து யாராவது நல்ல செய்தி சொன்னால் ஒரு கேள்வி கேளுங்கள். ‘எப்படிக் கிடைத்தது’ என்றோ ‘வீட்டில் என்ன சொன்னார்கள்’ என்றோ. மகிழ்ச்சி வராவிட்டாலும் கேள்வி கேட்க முடியும். பதில் வரும்போது அவர் முகத்தைப் பாருங்கள். எனக்கு வாழ்த்துச் சொல்லும் வாய் திரும்ப வந்தது அப்படித்தான், மெதுவாக.

ஜனவரி 28

பிணைக் கையெழுத்தை உறவினரிடம் எப்படி மறுப்பது என்று கேட்டவருக்கு: காரணம் அடுக்க வேண்டாம், அடுக்கினால் ஒவ்வொன்றாக வெட்டுவார்கள். ‘நான் யாருக்கும் போடுவதில்லை, உனக்கும் முடியாது. ஆனால் வங்கிக்கு உன்னோடு வருகிறேன், காகிதங்களை எல்லாம் சேர்ந்து படிக்கிறேன்’ என்று சொல்லுங்கள். சொன்னபடி போங்கள். வட்டி விகிதம் மாறக்கூடியதா, தவணை தவறினால் அபராதம் என்ன, முன்கூட்டி அடைத்தால் கட்டணம் உண்டா, இந்த மூன்றையும் அவருக்குப் பதிலாக நீங்கள் கேளுங்கள். பதற்றத்தில் இருப்பவர் இதைக் கேட்கமாட்டார்.